புகார் வராத வளைவு

என் மேசை ஜன்னலோரம் இருந்தது. நான் கேட்டு வாங்கிய இடமில்லை. அந்த மூலையில் வெளிச்சம் திரைமேல் அடிக்கும் என்று யாரும் உட்கார மாட்டார்கள். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன் என்பதால் அதை என் தலையில் கட்டினார்கள். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய் நல்ல இடங்கள் காலியானபோதும் நான் நகரவில்லை. பழகிவிட்டது.

நேரடியாக விஷயத்துக்கு வரச் சொன்னீர்கள். வருகிறேன். ஆனால் வளைவைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் முடியாது. என் சகலையை நீங்கள் லாக்கப்பில் வைத்திருப்பதற்குக் காரணமே, வளைவு என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாததுதான். அவர் கையிலிருந்த ஃபைலில் இருந்ததை அப்படியே தகட்டில் வெட்டினார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் நான் பேசும் பேச்சில் இது விட்டுப்போய்விடக் கூடாது.

எங்கள் நிறுவனம் படம் வரையும் மென்பொருள் செய்கிறது. ஓவியர்களுக்கானது இல்லை. பெயர்ப்பலகை எழுதுபவர்கள், கதவுக்கு கிரில் செய்பவர்கள், தகடு வெட்டுபவர்கள் வாங்குவார்கள். திரையில் கோடு போட்டால், அந்தக் கோட்டிலேயே இயந்திரம் தகட்டை வெட்டித் தரும். ஒரு மாடியில் பாதிதான் எங்கள் அலுவலகம். அதில் வளைவுகள் மட்டும் என் பொறுப்பு. எழுத்து ஒருவருக்கு, வண்ணம் ஒருவருக்கு, எனக்கு வளைவு. வீட்டில் என் மனைவி யாராவது கேட்டால், "இவருக்கு வளைச்சு வளைச்சு வேலை" என்பாள்.

கம்ப்யூட்டருக்கு வளைவு என்பதே தெரியாது. நேர்கோடுதான் தெரியும். வளைவு கேட்டால் குட்டிக் குட்டி நேர்கோடுகளை வரிசையாக ஒட்டிவைத்து ஒப்பேற்றும். கோடுகள் போதுமான அளவு சிறியதாக இருந்தால் கண் அதை வளைவு என்று நம்பிவிடும். எத்தனை கோடு போதும் என்று தீர்மானிப்பதுதான் என் வேலை. தள்ளி நின்று பார்ப்பவருக்குச் சில கோடுகளே போதும். கிட்டே வந்தால் நிறைய வேண்டும். எங்கள் மென்பொருள் அதைத் திரையைப் பார்த்துத் தீர்மானித்தது. படத்தைச் சிறிதாக்கினால் கோடுகளைக் குறைத்தது, பெரிதாக்கினால் கூட்டியது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்துவிட்டுப் போனது அது. திரையில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எங்கே என்றால், வெட்டும் இயந்திரத்துக்கு ஃபைல் போகும்போதும் அதே கணக்குதான் போனது. படத்தை எந்த அளவில் பார்த்துக்கொண்டிருக்கும்போது சேமித்தார்களோ, அந்த அளவுக்கான கோடுகளே தகட்டில் விழுந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், சந்தேகப்பட்டு யாராவது பெரிதாக்கிப் பார்த்தால், உடனே கோடுகள் கூடி, வளைவு அழகாக இருக்கும். பார்க்கும்போது இருக்காத தவறு அது. அதனால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான், ஊஞ்சல்காரர் வரும்வரை.

எங்கள் கட்டடம் வெளிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஜன்னல்கள் திறக்காத வகை. வெளியே ஒருவர் தொங்கிக்கொண்டுதான் துடைக்க வேண்டும். அவர் மொட்டைமாடியிலிருந்து கயிற்றில், ஒரு பலகையில் உட்கார்ந்தபடி இறங்குவார். அவரை நாங்கள் ஊஞ்சல்காரர் என்போம். ஒரு நாளைக்கு ஒரு வரிசை. என் ஜன்னல் இருந்த வரிசைக்கு வாரத்தில் ஒரு நாள். கண்ணாடியில் நுரையைத் தேய்த்துவிட்டு, வழிப்பதற்கு முன்னால் விரலால் ஏதாவது வரைவார். முதலாளி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைத் திட்டும் நாட்களில், அவர் தலை இருக்கும் உயரம் பார்த்து இரண்டு பக்கமும் கொம்பு போடுவார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டு வாங்குவோம். முதலாளி திரும்பும்போது கண்ணாடி பளிச்சென்று இருக்கும்.

கட்டடத்தின் பின்புறம் டீக்கடையில் அவரோடு பேசிப் பழக்கம். ஒரு நாள் பையிலிருந்து ஓர் இரும்புத் தகட்டை எடுத்து பெஞ்சில் வைத்தார். அவர் தலைக்கு மேல் கயிறுகள் எல்லாம் சேரும் இடத்தில் மாட்டும் தகடு.

"லிஃப்ட் மொட்டைமாடிக்குப் போகாது சார். கடைசி ரெண்டு மாடி இத தூக்கிட்டு ஏறுறதுக்குள்ள தோள் கழண்டுடுது" என்றார்.

தூக்கிப் பார்த்தேன். கனம்தான். எவனோ எதற்கோ செய்த இரும்பில் துளை போட்டிருந்தார்கள். எனக்கு அப்படிப்பட்ட பொருட்களைப் பார்த்தால் கை அரிக்கும். இலேசான உலோகத்தில் நல்லதாக ஒன்று செய்து தருவதாகச் சொன்னேன். அன்றைக்கே வரைந்தேன். உள்ளங்கை அளவில் ஒரு முக்கோணம், மேலே ஒரு துளை, கீழே இரண்டு. கனத்தைக் குறைக்க நடுவில் ஒரு சிறிய முக்கோணத்தை வெட்டி எடுத்துவிட்டேன். அதன் மூன்று உள்மூலைகளையும் நன்றாக வளைத்தேன். உலோகத்தில் கூர்மையான உள்மூலை இருந்தால் அங்கேதான் விரிசல் தொடங்கும். இது இந்தத் தொழிலில் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பது. விழாமல் இருக்க அவர் கட்டும் இடுப்புப் பட்டையின் கொக்கியை அதுவரை தனிக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கயிறு எப்போதும் சிக்கிக்கொள்கிறது என்று சலித்துக்கொண்டதால், கொக்கிக்கும் அதே தகட்டில் ஒரு துளை வைத்தேன். எல்லாம் ஒரே தகட்டில் வந்துவிட்டது. அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

வெட்டிக் கொடுத்தது என் சகலை. மனைவியின் அக்கா வீட்டுக்காரர். கிரில், கேட், பெயர்ப்பலகை எல்லாம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் மென்பொருளை அவருக்கு நான்தான் ஓசியில் போட்டுக் கொடுத்தேன். சின்னத் தகடு ஒன்றுக்காக யாரும் புது உலோகப் பலகையை எடுக்க மாட்டார்கள். ஒரு பெரிய கேட்டுக்கான கொடிப்பின்னல் வெட்டக் காத்திருந்த அதே இலேசான உலோகப் பலகையில், ஓரத்தில் மிச்சம் இருந்த இடத்தில் என் முக்கோணத்தைச் செருகினார். அப்படிச் செருக, முழுப் பலகையையும் திரையில் ஒன்றாகப் பார்த்தாக வேண்டும். பார்த்தார், செருகினார், அங்கிருந்தே சேமித்தார். தகடு வெட்டுபவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மிச்சம் விழக் கூடாது என்பதில்தான் அவர்கள் கவனம் எல்லாம்.

அந்தத் தூரத்தில் என் உள்மூலை வளைவு திரையில் ஒரு மணல் அளவுகூட இல்லை. மென்பொருள் அதற்கு ஒரே ஒரு கோடு போதும் என்று முடிவு செய்தது. ஒரு வளைவு இருந்த இடத்தில் இரண்டு கூர்மையான மூலைகள் வந்தன. தகட்டை ஊஞ்சல்காரரே பட்டறைக்குப் போய் வாங்கிக்கொண்டார்.

புதுத் தகட்டை மாட்டிக்கொண்டு முதல் தடவை என் ஜன்னலுக்கு இறங்கிய அன்று ஊஞ்சல்காரர் மேலே கையைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு கண்ணாடியின் கீழ்ப்பாதியைத் துடைக்க இன்னும் கொஞ்சம் இறங்கினார். அப்போது அந்தத் தகடு சரியாக என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. நான் மூலைகளைப் பார்த்தேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பொய் சொல்ல விரும்பவில்லை. எழுந்தது அவரை நினைத்து இல்லை. நான் வரைந்தது அது இல்லையே என்றுதான்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. திருத்தம் இன்னும் எளிது. கோடுகளின் எண்ணிக்கையைத் திரையின் புள்ளிகளில் அளக்காமல், வெட்டப்போகும் தகட்டின் அளவிலேயே அளக்க வேண்டும். எந்தத் தூரத்திலிருந்து பார்த்தாலும், எப்போது சேமித்தாலும் ஒரே வளைவு வரும். சில வரிகள்தான். எழுதி முடித்துவிட்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையில் அதுவரை நான் செய்த எதுவும் அவ்வளவு சுத்தமாக அமைந்ததில்லை.

முதலாளியிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "புகார் வந்துச்சா?"

எங்கள் அலுவலகத்தில் அது ஒரு விதி. புகார் வராமல் எந்தத் திருத்தமும் வெளியே போகாது. அந்த விதி வந்ததற்கும் நான்தான் காரணம். முன்பு ஒரு தடவை, தடித்த கோடுகள் சந்திக்கும் இடத்தை யாரும் கேட்காமலே நான் சரிசெய்தேன். அதில் பெயர்ப்பலகைக்காரர்களின் பழைய எழுத்துகள் எல்லாம் ஒரு நூல் நகர்ந்துவிட்டன. முதலாளி ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த நாள் முழுவதும் என்னைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு கேட்டார்.

"இல்ல சார். ஆனா தப்பு இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்யா. உன் திருத்தத்தப் போட்டா ஃபைல் பெருசாகுமா, ஆகாதா?"

"கொஞ்சம் ஆகும்."

"அப்ப மெஷின் மெதுவா ஓடும். அதுக்குப் புகார் வரும். யாரும் கேக்காத கேள்விக்கு நீ எதுக்குப் பதில் சொல்ற? ஒருத்தன் கேக்கட்டும், அன்னிக்கே போடலாம்."

சகலையை விட்டு ஒரு புகார் எழுதச் சொல்லலாமா என்று யோசித்தேன். முதலாளியிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டும் பார்த்தேன். "ஓசியில வச்சிருக்கறவனெல்லாம் கஸ்டமரா?" என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. அவரிடமும் நீங்கள் கடுமையாக நடந்துகொள்ள வேண்டாம். அவர் விதியைச் சொன்னார். நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாளில், திருத்திய மென்பொருளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சகலை பனியனோடு உட்கார்ந்து கிரைண்டர் கல்லை மாற்றிக்கொண்டிருந்தார். அதே தகட்டை, அதேபோல ஒரு பெரிய பலகையின் ஓரத்தில் செருகி, அதே தூரத்திலிருந்து சேமித்து வெட்டினேன். வளைவுகள் நான் வரைந்தபடியே வந்தன.

"எதுக்கு சகல இன்னொண்ணு?" என்றார்.

"ஒப்பிட்டுப் பாக்க."

"அப்ப மொதல்ல வெட்டினது?"

"அது ஓடிட்டு இருக்கு."

"நல்லா ஓடுதா?"

"ஓடுது சகல" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சாப்பிட்டேன். இந்தப் பேச்சு அவருக்கு நினைவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மையாகவே நினைவிருக்காது. அவரைப் பொறுத்தவரை அதில் நினைவு வைக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது தகட்டை என் மேசையில், தாள்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் எடுத்துப்போனது அதுதான். ஊஞ்சல்காரர் என் ஜன்னலுக்கு வரும்போது கண்ணாடிக்கு வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இருக்காது.

அதை ஏன் அவரிடம் கொடுக்கவில்லை என்று நேற்றே கேட்டீர்கள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்க ஒன்றுமில்லை. உங்களுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் பார்த்தேன். அதைக் கொடுத்துவிட்டால் புகார் எங்கிருந்து வரும்?

என்னைப் பற்றித் தவறாக நினைக்காதீர்கள். எங்கள் மென்பொருளில் எத்தனை பட்டறைகள் வெட்டிக்கொண்டிருந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இதே தவறு. ஏணிக்கான கொக்கிகள், தொட்டில் மாட்டும் வளையங்கள், என்னவெல்லாம் வெட்டுகிறார்களோ. அவருக்கு மட்டும் நல்ல தகட்டைக் கொடுத்தால் அவர் ஒருவர் தப்பிப்பார். திருத்தம் வெளியே போனால் எல்லோரும் தப்பிப்பார்கள். திருத்தம் போகப் புகார் வேண்டும். புகாருக்கு ஒரு விரிசல் வேண்டும். என்னிடம் இருந்தது அந்த ஒரு தகடுதான். இந்தக் கணக்கில் எங்கே பிழை என்று இன்றுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.

உலோகம் எப்படிக் களைத்துப்போகிறது என்பதைப் படிக்க ஆரம்பித்தேன். சுவாரசியமான விஷயம். ஒரே தடவையில் பெரிய பாரத்தைத் தொங்கவிட்டால் தாங்கிவிடும். சின்னப் பாரத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வந்தால் ஒரு நாள் விட்டுக்கொடுத்துவிடும். அவர் ஒவ்வொரு மாடியாக நிறுத்தி நிறுத்தி இறங்குவார். துடைக்கும்போது கால்களால் சுவரை உதைத்து ஆடுவார். அவர் உடல் எடையை டீக்கடையில் பேச்சோடு பேச்சாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "என்ன சார், பொண்ணு பாக்கறீங்களா எனக்கு?" என்று கிண்டல் செய்தார்.

வாரத்தில் அவர் வரும் அந்த நாளுக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன். அன்று மட்டும் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். "ஆபீஸ்ல அன்னிக்கு மட்டும் என்ன விசேஷம்?" என்று மனைவி கேட்டாள். வேலை இருக்கிறது என்றேன். அவர் இறங்கும் முன்பே நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வேன். அவர் என்னைப் பார்த்துக் கையசைப்பார். தனக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நுரையில் எனக்காக ஏதாவது பெரிதாக வரைவார். அவர் அதை வழித்து முடிக்கும்வரை நான் பொறுத்திருந்து, தகட்டைப் பார்ப்பேன்.

மழை விட்டபின் ஒரு காலை அது தெரிந்தது. கீழ்மூலையில், ஒரு தலைமுடி கிடப்பதுபோல ஒரு கோடு. நான் எந்த மூலையில் வரும் என்று நினைத்திருந்தேனோ அதே மூலை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதையும் மறைக்க வேண்டியதில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

கண்ணாடி வழியாகப் படம் எடுத்து முதலாளியிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இது கீறல்யா" என்றார்.

"விரிசல் சார்."

"கீறலா விரிசலான்னு பாக்கற நம்ம ரெண்டு பேருக்கே சந்தேகம். இத வச்சிக்கிட்டு நான் எல்லாருடைய ஃபைலையும் பெருசாக்கவா? போய் வேலையப் பாரு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. படத்தில் அது கீறல் போலத்தான் இருந்தது. கொஞ்சம் நீண்டால் யாருக்கும் சந்தேகம் இருக்காது. அது யாருடைய தகடு, எங்கே தொங்குகிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அவர் உடனே கீழே போய் அந்த மனிதரை நிறுத்தியிருப்பார். எனக்கு அவரைத் தெரியும். நிறுத்திவிட்டு, விஷயம் முடிந்தது என்று திருத்தத்தை மறந்திருப்பார்.

அதற்குப் பிறகு கோடு ஒழுங்காக நீண்டது. நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

தகடு விட்டுக்கொடுத்த அன்று நான் ஜன்னல் திரைச்சீலையை இறக்கியிருந்தேன். இத்தனை வருடத்தில் நான் அதை இறக்கியதே இல்லை என்று எழுத்துப் பிரிவுப் பெண் உங்களிடம் சொல்லியிருக்கிறார். சரிதான். வெயில் திரையில் அடித்தது என்று உங்களிடம் முதல் நாள் சொன்னேன். அன்று மேகமூட்டம் என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம்.

சத்தம் பெரிதாக இல்லை. கீழே நின்ற ஏதோ ஒரு வண்டியின் அலாரம் இடைவிடாமல் அடிக்க ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். நான் செய்துகொண்டிருந்த ஃபைலைச் சேமித்தேன். பிறகு நானும் எழுந்து போனேன். ஜன்னல் பக்கம் போகவில்லை.

மறுநாள் முதலாளி என் மேசைக்கே வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. தாள்கள்மேல் இருந்த தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அந்தத் திருத்தம் ரெடியா இருக்கா?"

"அப்பவே ரெடி சார்."

"போட்டுடு" என்றார்.

அன்றைக்கே வெளியே போனது. இதுவரை ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. ஃபைல் பெரிதானதாகவோ இயந்திரம் மெதுவானதாகவோ ஒரு ஃபோன் இல்லை. ரொம்ப நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூக்கு திறந்ததுபோல இருந்தது எனக்கு. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

நீங்கள் சகலையைக் கூட்டிக்கொண்டு போனதற்குப் பிறகுதான் வீட்டில் தூக்கம் கெட்டது. மனைவியின் அக்கா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சமையலறையில் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். என் மனைவி அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா என்னங்க பண்ணாரு? நீங்க வரைஞ்சீங்க. அவரு வெட்டினாரு. உங்களுக்குத் தெரிஞ்சத போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

"எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. எனக்கு அது கஷ்டமாக இருக்கிறது. வருத்தமா என்று நீங்கள் கேட்டீர்களே, இதைத்தான் சொல்ல முடிகிறது. மற்றதில் வருத்தம் இருக்க வேண்டும் என்று தெரிகிறது. தேடிப் பார்க்கிறேன். ஊசி போட்ட ஈறை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கிறது. அங்கே ஏதோ இருப்பது தெரிகிறது, என்னுடையதாகத் தெரியவில்லை.

ஊஞ்சல்காரரின் மனைவி அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவர் கணவரின் இன்னொரு வாளியும் ரப்பர் துடைப்பானும் மொட்டைமாடியிலேயே இருந்தன. கட்டடக் காவலாளி லிஃப்ட் வரை கொண்டுவந்து வைத்திருந்தார். யாரும் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்தான் வாளியை எடுத்துக் கொடுத்தேன்.

"நீங்கதானா ஜன்னல் சாரு?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"வீட்ல உங்கள பத்தித்தான் பேச்சு. அந்த ஆபீஸ்ல ஒரு சார் நமக்காக நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காந்திருப்பாருன்னு சொல்லுவாரு." வாளியின் பிடியைத் தடவினார். "அந்தத் தகட்டக் கழுவி வைக்கும்போது நான்தான் சார் பாத்தேன். ஏதோ கோடு இருக்கு, வரைஞ்சு குடுத்த அந்த சாருகிட்டயே கேட்டுடுங்கன்னு சொன்னேன். நீங்க பாத்துட்டீங்கன்னு வந்து சொன்னாரு. மனசு லேசாச்சு எனக்கு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. என்னிடம் நன்றி சொல்வதுபோலத்தான் சொன்னார். வாளியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இதை அவர் உங்களிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் சகலைக்குப் பதில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டிருப்பீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் விழுவதற்கு முந்தைய வாரம். கீழே, லிஃப்ட் வாசலில். அவர் மேலே போகக் கயிற்றுப் பையோடு நின்றார். என்னைக் கண்டதும் பையைத் திறந்து தகட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"சார், இங்க ஒரு கோடு மாதிரி தெரியுது. வீட்ல பயப்படுறா. நீங்க வரைஞ்சதுதானே, பாத்துச் சொல்லுங்க."

முதல் தடவையாக அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலால் தடவினேன். நகம் மாட்டியது. மறுபக்கம் திருப்பினேன், அங்கேயும் வந்துவிட்டிருந்தது. நல்ல தகடு மேலே என் மேசையில் இருந்தது. லிஃப்ட் கதவு திறந்தே இருந்தது. இந்தத் தடவை படம் எடுத்தால் முதலாளியால் கீறல் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்னும் ஒரு வாரம் இறங்கினால் படமே தேவைப்படாது என்றும் தெரிந்தது.

"வெட்டும்போது விழுந்த கோடு. ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் தகட்டைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நீங்க சொன்னா சரி சார்" என்றார். இருவரும் ஒன்றாக லிஃப்டில் ஏறினோம். என் மாடி வந்தது, நான் இறங்கிக்கொண்டேன்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். வெட்டியவர் மேல் தவறில்லை. விதியைச் சொன்னவர் மேல் தவறில்லை. தெரிந்திருந்தவன் நான். கையில் வாங்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லி மேலே அனுப்பியவனும் நான். அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். ஒன்றை மட்டும் நீங்கள் புரிந்துகொண்டால் போதும். அது என்ன கோடு என்றுதான் அவர் கேட்டார். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதில் நான் போட்ட கணக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை.